திரை இருண்டால் சர்வர் இறந்துவிட்டதா?

(உயர்தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில், ஆய்வகப் பொறுப்பு வகிக்கும் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி படித்தவன் அல்லன். கணக்கு வாத்தியார். பள்ளியில் ஆய்வகம் வந்தபோது, "நீங்கதான் சார் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் கையிலும் சாவி அப்படித்தான் வந்திருக்கும். அதனால் நிபுணனாகப் பேசப்போவதில்லை. ஒரு தவறு செய்தவனாகப் பேசுகிறேன். அந்தத் தவறு உங்கள் பள்ளியில் நடக்கக்கூடாது என்பதுதான் இந்த உரையின் நோக்கம்.

முதலில் அந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினியில் உபுண்டு லினக்ஸ் நிறுவி, அதைச் சர்வராக வைத்திருந்தோம். மாணவர்கள் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தங்கள் கோப்புகளை அந்தச் சர்வரில்தான் சேமிப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டாக ஒரு வேலை செய்து வந்தார்கள். ஊரில் உள்ள செடி கொடிகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர்களையும் அவற்றின் பயன்களையும் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, படத்தோடு சேர்த்து வைத்தார்கள். எல்லாம் அந்த ஒரே கணினியில் இருந்தது. நகல் எடுத்து வைக்கவில்லை.

ஒருநாள் காலை சர்வரை இயக்கினேன். பெயரைத் தேர்ந்து கடவுச்சொல் கொடுக்கும் திரை வந்தது. கொடுத்தேன். திரை ஒரு நொடி கறுத்தது. மறுபடி அதே கடவுச்சொல் திரை. திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் அதே. பத்து முறை முயன்றேன். தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். "சிஸ்டம் கரப்ட் ஆயிருக்கும் சார், ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடுங்க" என்றார். அன்று மாலையே போட்டுவிட்டேன். திரை பளிச்சென்று வந்தது. வேலை முடிந்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஒரு மாணவி வந்து நின்றாள். "சார், எங்க அப்பாயி பேசுனது அதுலதான் இருந்துச்சு. போன்ல அழிச்சிட்டேன்" என்றாள். அந்த அப்பாயி அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இறந்திருந்தார்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு திரை எழ எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

கணினியின் பொத்தானை அழுத்துவதற்கும் மேசைத்திரை தோன்றுவதற்கும் இடையில் பல கட்டங்கள் உள்ளன. காலை வழிபாட்டுக் கூட்டம் நடப்பதைப் போல, ஒருவர் வந்த பிறகுதான் அடுத்தவர் வர முடியும்.

முதலில் தாய்ப்பலகையில் உள்ள சிறு மென்பொருள் விழித்து நினைவகம், விசைப்பலகை, வன்வட்டு ஆகியவற்றைச் சரிபார்க்கிறது. அடுத்து கிரப் என்னும் தொடக்க நிரல், எந்த இயக்க அமைப்பை ஏற்றுவது என்று முடிவு செய்கிறது. பிறகு லினக்ஸின் கருவான கெர்னல் ஏறி, திரை அட்டை உள்ளிட்ட வன்பொருள்களுக்குரிய டிரைவர்களை இயக்குகிறது. அதன்பின் சிஸ்டம்-டி என்னும் மேலாளர், வலையமைப்பு, கோப்புப் பகிர்வு முதலிய சேவைகளைத் தொடங்கி வைக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் திரை மேலாளர் என்ற நிரலும் வந்து கடவுச்சொல் கேட்கிறது. உபுண்டுவில் பெரும்பாலும் ஜிடிஎம் என்ற நிரல் இந்த வேலையைச் செய்யும். சில வகைகளில் லைட்டிடிஎம் இருக்கும். அதற்கு அடியில் எக்ஸ் அல்லது வேலண்ட் என்ற வரைகலை அமைப்பு இருந்து திரையில் படம் வரைகிறது. கடைசியாக, கடவுச்சொல் சரி என்றால், நம் பெயருக்குரிய மேசைத்திரை திறக்கிறது.

இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். கோப்புப் பகிர்வு ஒரு சேவை. திரை வேறொரு சேவை. திரை வராவிட்டாலும் கோப்புப் பகிர்வு நடந்துகொண்டிருக்கலாம். பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் பலவற்றில் வரைகலைத் திரையே நிறுவப்பட்டிருக்காது. எழுத்துத் திரையிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும். உபுண்டுவின் சர்வர் பதிப்பை நிறுவினாலும் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். அது பழுதன்று, இயல்பு.

எக்ஸ் என்பது 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பிறந்தது. மாணவர்கள் வளாகத்தில் எங்கு உட்கார்ந்தாலும், வேறிடத்தில் ஓடும் நிரலைத் தங்கள் திரையில் காண வேண்டும் என்ற தேவையை மனத்தில் வைத்து வளர்க்கப்பட்டது. இன்றும் பழக்கத்தில் இருக்கும் அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வந்தது. அதற்கு மாற்றாக 2008இல் தொடங்கப்பட்டதுதான் வேலண்ட். ஒரு கல்விக்கூடத்தின் தேவையிலிருந்து வளர்ந்த கருவியைத்தான் நம் பள்ளியிலும் பயன்படுத்துகிறோம்.

எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடித்தால் பாதிக் கண்டுபிடிப்பு முடிந்தது. கணக்கில் தவறு செய்த மாணவனிடம் "முழுதும் தப்பு, அடித்துவிட்டுப் புதிதாகப் போடு" என்று நாம் சொல்வதில்லை. எந்த வரி வரை சரி என்று பார்க்கிறோம். அதே வேலைதான் இதுவும்.

திரையில் "சிக்னல் இல்லை" என்று வந்தால் கம்பி, மின்சாரம், நினைவக அட்டை ஆகியவற்றைப் பாருங்கள். தனித் திரை அட்டை உள்ள கணினியில், கம்பியைத் தாய்ப்பலகைத் துளையில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று தேடுவது நம்மில் பலர் செய்யும் பிழை. கறுப்புத் திரையில் எழுத்தாகப் பயனர் பெயர் கேட்டால், திரை மேலாளர் தொடங்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் திரை அட்டையின் டிரைவரில் சிக்கல். கடவுச்சொல் திரை வந்து, சரியான சொல் கொடுத்தும் அதே திரை திரும்பி வந்தால், கணினி ஏறக்குறைய முழுவதும் நலமாக இருக்கிறது. கடைசிப் படியில் மட்டும் தடுக்கி விழுகிறது. என்னுடையது இந்தக் கடைசி வகை. அதற்குத்தான் நான் ஃபார்மட் செய்தேன்.

இரண்டாவது பள்ளி

இரண்டாண்டு கழித்து, பக்கத்து ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள்தான் இருந்தது. "சார், சர்வர் போயிடுச்சு. பாஸ்வேர்டு போட்டா திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருது. கடையில கேட்டேன், ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க. பிள்ளைங்க எழுதின புரோகிராம் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார்.

"டீச்சர், நான் வரும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போனதும் சர்வர் பக்கம் போகவில்லை. மாணவர்களிடம் கேட்டேன்: "கடைசியா எப்ப சரியா வேலை செஞ்சுது? அப்புறம் என்ன மாறுச்சு?" யாரும் அவர்களிடம் அதுவரை கேட்டிருக்கவில்லை. ஒரு மாணவன் எழுந்து, "சார், முந்தாநேத்துல இருந்து எங்க சிஸ்டத்துல ஃபைல் திறக்குது. ஆனா சேவ் பண்ணா எர்ரர் வருது" என்றான்.

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. திறக்கிறது என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறது. வலையமைப்பும் நலம், கோப்புகளும் நலம். சேமிக்க மறுக்கிறது என்றால் ஒன்று அனுமதிச் சிக்கல், அல்லது இடம் இல்லை.

அதன் பிறகே சர்வர் முன் உட்கார்ந்தேன். நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கட்டளைகளை இங்கே பலகையில் எழுதியிருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் விசைப்பலகையில் நம்லாக் விசையைத் தட்டினேன். விளக்கு எரிந்து அணைந்தது. கெர்னல் விழித்திருக்கிறது என்பதற்கு இது எளிய சோதனை. வேறொரு கணினியிலிருந்து பிங் கட்டளை கொடுத்துப் பதில் வருகிறதா என்றும் பார்க்கலாம்.

அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினேன். எழுத்துத் திரை திறந்து பயனர் பெயர் கேட்டது. வரைகலைத் திரை முடங்கினாலும் நுழைவதற்கு இப்படிப் பல வாசல்களை லினக்ஸ் வைத்திருக்கிறது. இங்கே கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள். உள்ளே போய்விட்டேன். கடவுச்சொல்லும் பயனர் கணக்கும் நலம் என்று உறுதியானது.

மூன்றாவதாக, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கட்டளை மிகச் சிறியது: டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஹெச். வட்டின் ஒவ்வொரு பிரிவிலும் மொத்தம் எவ்வளவு, நிரம்பியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று பட்டியல் வரும். முதன்மைப் பிரிவுக்கு நேரே 100 விழுக்காடு என்றும், மீதி 0 என்றும் இருந்தது.

இடம் இல்லாததற்கும் திரை வராததற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாம் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும், மேசைத்திரை தனக்காகச் சில சிறு கோப்புகளை நம் கோப்புறையில் எழுதுகிறது. எழுத இடம் இல்லையென்றால் அது தொடங்க முடியாமல் மூடிக்கொள்கிறது. உடனே திரை மேலாளர் மறுபடி வந்து கடவுச்சொல் கேட்கிறது. நமக்குக் கடவுச்சொல்லை ஏற்க மறுப்பதுபோல் தெரிகிறது. அப்படியானால் எழுத்துத் திரையில் மட்டும் எப்படி நுழைய முடிந்தது? அதற்கு அப்படி எழுத வேண்டிய தேவை இல்லை. மேலும், உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை, பிரிவின் இடத்தில் நூற்றுக்கு 5 பங்கை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். மற்றவர்களுக்கு நிரம்பிவிட்டாலும் நிர்வாகி வந்து சீர்செய்ய அந்த இடம் உதவும்.

நான்காவதாக, இடத்தை அடைத்தது எது என்று தேடினேன். டி, யு என்ற கட்டளை ஒவ்வொரு கோப்புறையின் அளவையும் சொல்லும். மாணவர்களின் கோப்புகள் எல்லாம் சேர்ந்து 6 ஜிபிதான் இருந்தன. கணினி தன் செயல்களைப் பதிந்து வைக்கும் லாக் கோப்புறையில், ஒரே ஒரு கோப்பு மட்டும் வட்டின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தது.

அங்கே கை பரபரத்தது. அந்தக் கோப்பை அழித்துவிட்டால் இடம் வந்துவிடும். ஆனால் ஒரு முறை சுட்டுக்கொண்டவன் நான். டெயில் என்ற கட்டளையால் அதன் கடைசி இருபது வரிகளைப் படித்தேன். இருபதும் ஒரே செய்தி. ஒரு யுஎஸ்பி துளையில் உள்ள கருவி இணைகிறது, துண்டிக்கப்படுகிறது, இணைகிறது, துண்டிக்கப்படுகிறது. ஒரு நொடிக்குள் பல முறை. சர்வரின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். தளர்ந்துபோன பழைய யுஎஸ்பி ஹப் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் அது ஆடும்போதெல்லாம் கணினி ஒரு வரி எழுதியிருக்கிறது. அப்படி எழுதி எழுதியே வட்டு நிரம்பியிருக்கிறது.

காரணத்தைப் பார்க்காமல் கோப்பை மட்டும் அழித்திருந்தால் திரை வந்திருக்கும். செய்முறைத் தேர்வு அன்றே மறுபடி நின்றிருக்கும்.

முதலில் ஹப்பைக் கழற்றினேன். செய்தி வருவது நின்றதா என்று உறுதி செய்தேன். கோப்பின் கடைசி நூறு வரிகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்தேன். பிறகு ட்ரங்கேட் என்ற கட்டளையால் அந்தக் கோப்பின் அளவைச் சுழியாக்கினேன். ஏன் நேரடியாக அழிக்கவில்லை? ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை லினக்ஸில் அழித்தால், பட்டியலிலிருந்து பெயர் மறைந்துவிடும். ஆனால் அந்த நிரல் கோப்பை மூடும்வரை இடம் திரும்பி வராது. அழித்தும் இடம் வரவில்லையே என்று குழம்பி நிற்போம். அதனால் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்வது நல்லது.

கடைசியாகத் திரை மேலாளரை மீண்டும் தொடங்கினேன். சூடோ என்ற நிர்வாகிச் சொல்லை முன்னால் வைத்து, சிஸ்டம்சிடிஎல், ரீஸ்டார்ட், டிஸ்ப்ளே-மேனேஜர் என்று தட்ட வேண்டும். திரை வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் கோப்பைத் திறந்து சேமித்துப் பார்த்தார்கள். போனதிலிருந்து முடித்தது வரை முக்கால் மணி நேரம்.

அன்று இரவு பேருந்தில் வரும்போது எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே அதிகம். என் பள்ளியில் இரண்டாண்டுக்கு முன் தோன்றியதும் இதே அறிகுறிதான். அப்போதும் வட்டு நிரம்பியதுதான் காரணமா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் சாட்சிகளை நானே அழித்துவிட்டேன். ஃபார்மட் செய்வதில் தரவு மட்டும் போவதில்லை. என்ன நடந்தது என்று அறியும் வாய்ப்பும் சேர்ந்தே போகிறது.

வேறு காரணங்கள்

எல்லாச் சர்வரிலும் வட்டு நிரம்புவதே காரணமாக இருக்காது. நான் பிறகு சந்தித்த, படித்த வேறு சிலவற்றையும் சொல்கிறேன்.

நிர்வாகியாக இருந்து வரைகலைத் திரையைத் தொடங்குவது ஒரு காரணம். எழுத்துத் திரையில் யாரோ சூடோ சேர்த்துத் திரையைத் தொடங்கியிருப்பார்கள். அப்போது நம் கோப்புறையில் உள்ள எக்ஸ்-அத்தாரிட்டி என்ற மறைவான சிறு கோப்பின் உரிமை நிர்வாகியின் பெயருக்கு மாறிவிடலாம். அடுத்த முறை நம் பெயரில் நுழையும்போது அதில் எழுத அனுமதி இருக்காது. இதிலும் அதே கடவுச்சொல் சுழல்தான் வரும். எல்எஸ் கட்டளையில் உரிமையாளர் பெயரைப் பார்த்து, சௌன் கட்டளையால் அந்த ஒரு கோப்பின் உரிமையை நம் பெயருக்கே மாற்றினால் போதும். இதைச் சரிசெய்கிறேன் என்று முழுக் கோப்புறைக்கும் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடாதீர்கள். அது வீட்டுச் சாவி தொலைந்ததற்குக் கதவையே கழற்றி வைப்பது போன்றது.

கணினி எழுத்துத் திரையோடு நின்றுவிட்டால், எந்த நிலைக்கு எழும்படி அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சிஸ்டம்சிடிஎல், கெட்-டிஃபால்ட் என்று தட்டினால் விடை வரும். மல்டி-யூசர் என்று வந்தால், திரையில்லாமல் எழும்படி யாரோ அமைத்திருக்கிறார்கள். கிராஃபிக்கல் என்று வந்தும் திரை வரவில்லை என்றால், சிஸ்டம்சிடிஎல், ஸ்டேட்டஸ், டிஸ்ப்ளே-மேனேஜர் என்று கேளுங்கள். திரை மேலாளர் ஓடுகிறதா, விழுந்துவிட்டதா, அல்லது நிறுவப்படவே இல்லையா என்பது தெரியும்.

இன்னொன்று, இயக்க அமைப்பைப் புதுப்பித்த மறுநாள் வரும் கறுப்புத் திரை. புதிய கெர்னலோடு திரை அட்டையின் டிரைவர் ஒத்துப்போகாமல் இருக்கலாம். தனி என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அதிகம். தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் பட்டியலை வரவழைத்து, கூடுதல் தேர்வுகளுக்குள் சென்று, முந்தைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள். பழையதில் திரை வந்தால் நோய் புதியதில்தான். அதுவும் வரவில்லை என்றால், அதே பட்டியலில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துத் தொடங்கலாம். சிறப்பு டிரைவரை விட்டுவிட்டு எளிய முறையில் திரையைக் காட்டும்படி இது சொல்கிறது. அந்த ஒரு முறைக்கு மட்டுமே அது செல்லும் என்பதால் அச்சமின்றி முயலலாம்.

திரை அட்டையை மாற்றிய பின் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. இன்றைய எக்ஸ் தன் அமைப்பைத் தானே கண்டறியும். ஆனால் பழைய அட்டைக்கென்று எப்போதோ எழுதிய அமைவுக் கோப்பு கிடந்தால் அதையே நம்பும். இல்லாத அட்டையைத் தேடி, திரை எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்தக் கோப்பை அழிக்காமல், வேறு பெயரிட்டு ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். தவறாகிப்போனால் பழைய பெயரைத் திரும்பக் கொடுத்துவிடலாம்.

பதிவுக் கோப்பைப் படிப்பது

பதிவுக் கோப்பைப் பார்த்தால் நமக்கு மலைப்பு வரும். ஆயிரம் வரிகள், எல்லாம் ஆங்கிலம். முழுதும் படிக்க வேண்டியதில்லை. எக்ஸின் பதிவில் ஒவ்வொரு வரியின் முன்னாலும் அடைப்புக்குறிக்குள் ஓர் அடையாளம் இருக்கும். இரண்டு ஐ இருந்தால் வெறும் தகவல். இரண்டு டபிள்யூ இருந்தால் எச்சரிக்கை. இரண்டு ஈ இருந்தால் பிழை. ஈ உள்ள வரிகளை மட்டும் தேடுங்கள்.

அதிலும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கடைசிப் பிழையைவிட முதல் பிழை முக்கியம்; பின்னால் வருபவை பல, முதலாவதன் விளைவுகளே. இரண்டு, எல்லாப் பிழையும் நோயன்று. எக்ஸ் தனக்குத் தெரிந்த டிரைவர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும். இல்லாதவற்றுக்கும் "ஏற்ற முடியவில்லை" என்று எழுதும். ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவை இல்லாதது குறையில்லை. சரியாக ஓடும் நாளிலேயே பதிவுக் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்து வைத்தால், எது வழக்கமானது, எது புதியது என்று பிரித்தறியலாம். நலமாக இருக்கும் பிள்ளையின் முகம் தெரிந்த ஆசிரியருக்குத்தானே வாட்டம் தெரியும்?

வேலண்ட் பயன்படுத்தும் கணினியில் எக்ஸின் பதிவு இருக்காமல் போகலாம். அங்கே ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையோடு சிறு கோடு பி சேர்த்தால், இந்த முறை கணினி தொடங்கியதிலிருந்து நடந்த எல்லாம் வரும்.

எதுவுமே உதவாவிட்டால்

சில நேரம் எல்லாம் முயன்றும் திரை வராது. தேர்வு நெருங்கியிருக்கும். மறுபடி நிறுவித்தான் ஆக வேண்டும். செய்யுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் பிள்ளைகளின் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், நிறுவாமலே பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு வரும். அதைத் தேர்ந்தால் நல்ல வரைகலைத் திரையே கிடைக்கும். பழைய வட்டைத் திறந்து, தேவையானவற்றை வெளி வட்டில் நகலெடுக்கலாம். நகலெடுத்த பின், வேறொரு கணினியில் அந்த வெளி வட்டைச் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பாதீர்கள். நிறுவும் திரையில் "வட்டை அழித்து நிறுவு" என்ற பொத்தானை அழுத்தும் கை, அதுவரை பொறுத்திருக்கட்டும்.

நான் அன்று செய்யத் தவறியது இந்த ஒரு மணி நேர வேலையைத்தான்.

நம் பள்ளிகளில் செய்ய வேண்டியவை

ஊருக்குத் திரும்பியதும் செய்யச் சில வேண்டுகோள்கள்.

சர்வர் அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். என்று, யார், என்ன மாற்றினார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். புது மென்பொருள், புதுப்பிப்பு, கழற்றிய கம்பி எதுவானாலும் சரி. "கடைசியாக என்ன மாறியது?" என்ற கேள்விக்கு நினைவை நம்பினால் விடை கிடைக்காது; நோட்டில் கிடைக்கும்.

மாதம் ஒருமுறை வட்டின் இடத்தைப் பாருங்கள். 80 விழுக்காட்டைத் தாண்டினால் காரணம் தேடுங்கள். இந்த வேலையை மாணவர்களிடமே கொடுக்கலாம். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் உபுண்டு பற்றிப் படிக்கிறார்கள். பாடத்தில் உள்ளதைக் கையால் செய்து பார்க்க இது நல்ல வாய்ப்பு. நிர்வாகிக் கடவுச்சொல்லை மட்டும் கொடுக்காதீர்கள். இடம் பார்க்க அது தேவையில்லை.

அந்த நிர்வாகிக் கடவுச்சொல் தலைமையாசிரியரிடமும் ஒரு மூடிய உறையில் இருக்கட்டும். ஆசிரியர் மாறுதலில் போனபின், கடவுச்சொல்லும் அவரோடு மாறுதலில் போன கதைகள் நம்மிடம் நிறைய உண்டு.

பழுது வந்தால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி அது சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது. மோசமானால், எதைத் திருப்புவது என்றும் தெரியாது. பொருள் புரியாத கட்டளையை, யார் சொன்னாலும், அப்படியே தட்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளின் உழைப்புக்கு வேறிடத்தில் ஒரு நகல் எப்போதும் இருக்கட்டும். நம் கண்ணுக்கு அவை சில ஜிபி. அவர்களுக்கு அவை என்ன என்பது நமக்குத் தெரியாது.

என்னிடம் வந்து நின்ற அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு பள்ளிக்கு வந்திருந்தாள். நானே அந்தப் பேச்சை எடுத்து, நடந்ததை முழுதும் சொன்னேன். அவசரப்பட்டது நான்தான் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பாயி சொன்ன செடிப் பேரு எனக்கு ஏழெட்டு ஞாபகம் இருக்கு சார். எழுதித் தரட்டுமா?" என்றாள். எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளைப் படமெடுத்துச் சர்வரில் வைத்திருக்கிறேன். ஒரு நகல் வெளி வட்டில் இருக்கிறது. இன்னொன்று தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.